ஹார்டாங்கருக்குப் போகும் புளிக்காய்ச்சல்

கரண்டியில் ஒரு சொட்டு ஈரம்கூட இருக்கக் கூடாது. வலக்கை அதைத் துண்டால் அழுத்தித் துடைத்தது. அடுப்பின் அனலில் இரண்டு புறமும் காட்டியது. அதற்குப் பிறகே உருளிக்குள் இறக்கியது. இடக்கை அடுப்பின் திருகை விட்டு நகரவில்லை. நல்லெண்ணெயில் கடலைப்பருப்பு சிவந்துகொண்டிருந்தது. மிளகாய் கறுக்கத் தொடங்குமுன் கறிவேப்பிலை விழுந்தது, அதன் மேல் பெருங்காயம், அதன் மேல் முந்தின நாள் ஊறவைத்துப் பிழிந்த புளிக்கரைசல். உருளி சீறியது. சூடான துளிகள் மணிக்கட்டில் தெறித்தன. கைகள் பின்வாங்கவில்லை.

வலது உள்ளங்கையில், பெருவிரலுக்கு அடியிலிருந்து குறுக்கே, வெள்ளைக் கோடாக ஒரு பழைய தழும்பு இருந்தது. பார்ப்பவர்கள் அதை அரிவாள்மணை வெட்டியது என்று நினைத்துக்கொள்வார்கள். அவரும் அப்படியே நினைக்க விட்டிருந்தார்.

சேலையூரில் கேம்ப் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு தெருவில், மூடிப்போன மெஸ் ஒன்றின் பின்கட்டில் நடந்தது அந்தச் சமையல். புளிக்காய்ச்சல் அந்த வட்டாரத்தில் எந்த வீட்டுக்கும் போகப்போவதில்லை. டின்களில் அடைபட்டு நார்வேக்குப் போக இருந்தது. அங்கே ஹார்டாங்கர் என்ற பகுதியில் கடல் மலைகளைப் பிளந்துகொண்டு உள்நாட்டுக்குள் நெடுந்தூரம் வந்து கிடக்கிறது. இரண்டு கரையிலும் செங்குத்தாகப் பாறை, பாறை மேல் பனி, பனியிலிருந்து அருவி, அருவிக்குக் கீழே ஆப்பிள் தோட்டம். அதைப் பார்க்க ஒவ்வொரு ஜூன் மாதமும் சேலையூரிலிருந்தும் கீழ்க்கட்டளையிலிருந்தும் நங்கநல்லூரிலிருந்தும் ஓய்வுபெற்றவர்கள் கூட்டமாகக் கிளம்பினார்கள். கூடவே ஒரு சமையல்காரரும் போவார். சுந்தரவல்லியின் சுற்றுலா நிறுவனம் அச்சடித்த தாளில் மலைக்கும் அருவிக்கும் மேலே பெரிய எழுத்தில் இருந்தது அதுதான்: மூன்று வேளையும் நம் சமையல், நம் ஆள் கையால்.

மூன்று வருடங்களாக அந்த நம் ஆள், இந்தக் கைகளுக்கு உரியவர். சேலையூரில் மணி என்றால் தெரியும். பாஸ்போர்ட்டில் மதியழகன்.

பேரை மாற்றியது சுந்தரவல்லி. முதல் வருடம், 2005இல், அவரை வேலைக்கு எடுத்துக்கொண்ட அன்று, பேரைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"மதியழகனா? கட்சி மாநாட்டுக்குப் பந்தல் போட வந்தவர் மாதிரி இருக்கு. மாமிங்க எல்லாம் கூப்பிடணுமே. மணின்னு வெச்சுக்கலாம். நெத்தியில கொஞ்சம் விபூதி இட்டுக்குங்க. எந்த ஊர்னு கேட்டா சேலையூர்னு சொல்லுங்க. பொய் இல்லையே?"

பொய் இல்லைதான். அவர் குடியிருந்தது சேலையூரில். பிறந்தது கோவளத்துக்கு இந்தப் பக்கம் உள்ள ஒரு மீனவக் குப்பத்தில். அப்பா ஆனந்தன் கட்டுமரத்தில் தொடங்கி ஃபைபர் போட்டு வரைக்கும் வந்தவர். அம்மா அங்காளம்மா கூடையில் மீன் எடுத்துக்கொண்டு தாம்பரம் மார்க்கெட்டுக்குப் பஸ்ஸில் வருவார். நாற்றம் என்று கண்டக்டர் பாதி வழியில் இறக்கிவிட்ட நாள்களும் உண்டு. அப்படி ஒரு நாள் மகன் அம்மாவோடு நடந்து வந்து, மேற்குத் தாம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் பின்வாசலில் தண்ணீர் கேட்டான். பாத்திரம் தேய்க்க ஆள் இல்லாமல் தவித்துக்கொண்டிருந்த காண்டிராக்டர் அவனை அங்கேயே நிறுத்திக்கொண்டார். பாத்திரம் தேய்த்தவன் தேங்காய் துருவினான், பருப்பு வேகவைத்தான், ஒரு முகூர்த்த நாளில் தலைமைச் சமையல்காரர் வராமல் போக, சாம்பாரை இறக்கினான். யாரும் சொல்லித் தரவில்லை. பக்கத்தில் நின்று முகர்ந்து முகர்ந்து தெரிந்துகொண்டதுதான். எந்த ஊர், யார் பிள்ளை என்று அங்கே யாரும் கேட்கவில்லை. அடுப்படியில் அதற்கு நேரமும் இல்லை.

புளிக்காய்ச்சல் கொதித்துச் சுண்டத் தொடங்கியபோது செல்போன் அடித்தது. மனைவி வெண்ணிலா அன்று இரண்டாவது ஷிஃப்ட். மறைமலை நகரில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் அவருக்கு வேலை. கிளம்புமுன் கணவருக்குச் சோறு கொடுத்துவிட்டுப் போக வந்திருந்தார். கணவரின் கை வேலையில் இருந்ததால் போனை எடுத்து அவர் காதில் வைத்தார்.

"மணி, டின் நாளைக்கு ரெடியாயிடுமா?" சுந்தரவல்லி.

"ஆயிடும் மேடம். ராத்திரி ஆறட்டும். நாளைக்கு மதியம் அடைச்சுடறேன்."

"ஆபீஸுக்குக் கொண்டு வந்துடுங்க. அந்த நீல ஜாக்கெட் உங்ககிட்டதானே இருக்கு? அதையும் எடுத்துட்டு வாங்க."

"சரி மேடம். மேடம், விசா..."

"எல்லாருக்கும் சேர்ந்துதான் வரும் மணி. நாளைக்குப் பேசலாம்."

போன் நின்றது. வெண்ணிலா அதை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"ஜாக்கெட்ட எதுக்கு கேக்குது அந்தம்மா?"

"தோய்க்கறதுக்கா இருக்கும்."

"ஒரு வருசமா நம்ம வூட்ல தொங்கினு இருக்கு. நான் ரெண்டு தபா தோய்ச்சு வெச்சேன். இப்ப அது தோய்க்கப் போவுதா?"

"கம்பெனி ஜாக்கெட்டுடி. பேரு போட்டிருக்கு. எல்லாத்தையும் ஒண்ணா லாண்டிரிக்குப் போடுவாங்க."

"அப்ப நீ இந்த வருசமும் ஐயரா போவப் போற." வெண்ணிலா சோற்றுப் பாத்திரத்தை மேடையில் வைத்தார். "உள்ள நெத்திலிக் கொழம்பு கீது. சாப்ட்டுட்டு விபூதி இட்டுக்க."

மதியழகன் சிரித்தார். ஆனால் பார்வை கரண்டியிலேயே இருந்தது. பாஸ்போர்ட்டை ஏப்ரலில் சுந்தரவல்லி வாங்கி வைத்துக்கொண்டிருந்தார். விண்ணப்பத்தில் கையெழுத்தும் வாங்கியிருந்தார். அந்த நம்பிக்கையைத்தான் மதியழகன் பிடித்துக்கொண்டிருந்தார். போக வேண்டும். போன வருடம் நடந்தது நடந்ததுதான். இது வேறு கூட்டம், புது ஆட்கள். போய், அந்தப் படகில் ஒரு முறை ஏறி, ஒரு விஷயத்தைக் கேட்டு வர வேண்டும். அப்பா ஒரு வருடமாகக் காத்திருந்தார்.

முதல் இரண்டு பயணங்களிலும் மதியழகன் நார்வேயைப் பார்த்தது ஓட்டலின் பின்கதவு வழியாக. முன்பக்கம் கடல். பின்பக்கம் குப்பைத் தொட்டிகள், அதற்குப் பின்னால் ஒரு பாறைச் சுவர், அதில் நூல் போல ஓர் அருவி. சமையலறையை ஓட்டல்காரர்கள் தங்கள் வேலை முடிந்த இடைவெளியில்தான் தருவார்கள். அந்த இடைவெளிக்குள் காலையில் பொங்கல், மதியத்துக்குக் கட்டிக்கொடுக்கத் தயிர்சாதம், இரவுக்குச் சாம்பாரும் பொரியலும். கூட்டம் காலையில் தொப்பியும் கைத்தடியுமாகப் பஸ் ஏறும். பேரருவியின் விளிம்புக்குப் போவார்கள், பனிமலைக்கு எதிரே நின்று குல்லாயோடு படம் எடுத்துக்கொள்வார்கள், சிவப்புத் துடுப்புப் படகுகளில் உள்ளூர்க்காரர்கள் போவதைக் கரையிலிருந்து பார்ப்பார்கள். சாயங்காலம் சாப்பிட உட்காரும்போது டிஜிட்டல் கேமராவை நீட்டுவார்கள். "மணி, இதைப் பாருங்கோ. என்ன அழகு!" கையில் சாம்பார் வாளியோடு குனிந்து, உள்ளங்கை அகலத் திரையில் அவர் ஹார்டாங்கரைப் பார்ப்பார். பெரும்பாலும் முன்னால் யாராவது ஒரு மாமா நின்று மறைத்திருப்பார்.

ஊருக்குத் திரும்பினால் அப்பா பிடித்துக்கொள்வார். சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த வருடத்தில் அவருடைய போட்டு போயிருந்தது. அதற்குப் பிறகு ஆனந்தன் கரையோடு நின்றுவிட்டார். மகன் வேறொரு கடலுக்குப் போய் வருகிறான் என்பது அவருக்குப் பெரிய சமாச்சாரம்.

"அந்தக் கடல்ல இன்னா மீனுடா?"

"பாக்கலபா."

"கடலாண்ட போயி மீனு பாக்கலயா? அப்பறம் இன்னாத்துக்கு போன?"

"சமைக்கத்தான்."

"பேஜாரான ஆளுடா நீ." இரண்டு வருடமும் அதே கேள்வி, அதே பதில், அதே வசவு.

மூன்றாவது வருடம் படகில் ஏறியது தயிர்சாதத்தால். கட்டிக்கொடுத்த சாதம் குளிரில் இறுகி, கரண்டி இறங்கவில்லை என்று பயணிகள் முறையிட்டார்கள். கூட்டத்தை நடத்திப் போன மகேஷ் சுந்தரவல்லியின் அண்ணன் மகன். அவன் ஒரு வழி கண்டுபிடித்தான். "மணி அண்ணா, நாளைக்குப் படகு சவாரி. நீங்களும் வாங்க. ஃபிளாஸ்க்ல சூடா ரசமும் சாதமும் எடுத்துக்கலாம். அங்கேயே பரிமாறிடலாம்."

அன்றைக்குத்தான் மதியழகன் ஓட்டலின் முன்வாசல் வழியாக வெளியே வந்தார். கம்பெனியின் நீல ஜாக்கெட், தலையில் குல்லாய், இரண்டு கையிலும் ஃபிளாஸ்க். எதிரே தண்ணீர் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் கிடந்தது. மலை அதற்குள் தலைகீழாக நின்றது. அவர் முதலில் பார்த்தது மலையை அல்ல. படித்துறையில் படகு கட்டியிருந்த கயிற்றின் முடிச்சைப் பார்த்தார். அப்பா போடுகிற முடிச்சு போலத்தான் இருந்தது.

படகோட்டி ஊலா என்ற கிழவர். தமிழ்க் கூட்டத்துக்கு ஒரு வேடிக்கை காட்ட நினைத்து, கரையை விட்டுக் கொஞ்ச தூரம் வந்ததும் இஞ்சினை நிறுத்திவிட்டு, தூண்டில் கோல்களை நீட்டினார். ஒரே நரம்பில் வரிசையாகக் கொக்கிகள். கொக்கிக்கு ஒரு வெள்ளை இறகு. கூட்டம் கூச்சப்பட்டுச் சிரித்தது. ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர் துணிந்து கோலை வாங்கினார்.

"புடிச்ச உடனே திரும்ப விட்டுடலாம். இது ஸ்போர்ட்ஸ்தானே, பாவம் கிடையாது."

"நீங்க எதையும் புடிக்கப் போறதில்லை," என்றார் அவர் மனைவி சாவித்ரி மாமி. "ஆத்துல கரப்பான்பூச்சியையே புடிக்கத் தெரியாது."

மதியழகன் பின்னால் ஃபிளாஸ்குகளை அணைத்தபடி உட்கார்ந்திருந்தார். படகுக்கு வலப்புறம், தண்ணீர் ஓர் இடத்தில் மட்டும் மழை பெய்வது போலக் கொதிப்பதைக் கண்டார். கூட்டமாக மீன் வருகிறது. வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். கை விரல்கள் மட்டும் ஜாக்கெட் பைக்குள் மடங்கி விரிந்தன.

கோல் வளைந்தது. வங்கி அதிகாரி அலறினார். பயத்தில் கோலை அப்படியே தலைக்கு மேல் தூக்கினார். கொக்கிக்கு ஒன்றாகத் துடிக்கும் மீன்களோடு நரம்பு முழுவதும் காற்றில் சுழன்றது. ஒரு கொக்கி சாவித்ரி மாமியின் சால்வையில் மாட்டிக்கொண்டது. அடுத்த கொக்கி அவர் கண்ணருகில் ஆடியது.

"தூக்காத சார்! எறக்கு, எறக்கு! கண்ணுல மாட்டப் போவுது! மாமி, ஆடாத!"

அந்தக் குரலை அந்தக் கூட்டத்தில் யாரும் அதற்கு முன் கேட்டதில்லை. ஃபிளாஸ்க் உருண்டது. ஒரு கை நரம்பைப் பிடித்தது, மறு கை ஆடிக்கொண்டிருந்த மீனைச் செவுளோடு கவ்வியது. சால்வையில் மாட்டியிருந்த கொக்கியைத் துணி கிழியாமல் திருப்பி எடுத்தார். பிறகு மீன்களை ஒவ்வொன்றாக உதறிக் கழற்றினார். பெருவிரலை மீனின் வாய்க்குள் விட்டுத் தலையைப் பின்னால் மடக்கினால் மீன் துடிக்காமல் அடங்கிவிடும். அதையும் செய்தார். கை தானாகச் செய்தது.

ஊலா ஓவென்று சிரித்தார். தண்ணீரைக் காட்டி, தன் கையிலிருந்த இன்னொரு நரம்பை அவரிடம் நீட்டினார்.

அங்கே நிறுத்தியிருக்கலாம். கையைக் கழுவிக்கொண்டு, கெட்ட கனவு போல இருந்தது மாமி என்று சொல்லியிருக்கலாம். மதியழகன் நரம்பை வாங்கினார். கோல் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, வெறுங்கையால் இறக்கினார். நரம்பு தழும்பின் மேல் சரியாக வந்து உட்கார்ந்தது. பத்து வயதில் அப்பாவின் தூண்டிலில் தங்கூசி என்ற நைலான் நரம்பு அறுத்த தழும்பு அது. இழுத்தார், மீன், மறுபடி இறக்கினார், மறுபடி மீன். முதுகில் வரி வரியாக, பச்சையும் கறுப்பும். ஊர்க் கடலில் கிடைக்கும் மீனுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் தம்பி. "கானாங்கத்த!" என்று யாரைப் பார்த்தும் இல்லாமல் கத்தினார். "நல்ல மீன் பாடு வந்துகீது!" இந்த முறை அப்பாவுக்குச் சொல்லப் பதில் கிடைத்துவிட்டது.

மீன் கூட்டம் ஓய்ந்ததும் திரும்பிப் பார்த்தார். எல்லோரும் படகின் முன்பக்கம் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள்.

"மணி," என்றார் சாவித்ரி மாமி, சால்வையை நீவிக்கொண்டே. "இதெல்லாம் எங்கே கத்துண்டீங்க?"

பொய் சொல்லத் தோன்றவில்லை. அவ்வளவு சந்தோஷம். "கத்துக்கறதா மாமி? எங்கப்பா போட்டு வெச்சிருந்தாரு. கோவளத்துக்கு இந்தப் பக்கம் குப்பம். நடக்கறதுக்கு முன்னாடி நீந்தினவங்க நாங்க."

 ஊலா இஞ்சினைக் கிளப்பினார். மதியழகன் படகின் விளிம்பில் சாய்ந்து தண்ணீரில் கைகளைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். எலும்பு வரை வலிக்கும் குளிர். பையிலிருந்த சோப்பைப் போட்டு இன்னொரு முறை கழுவினார். பிறகு ஃபிளாஸ்கைத் திறந்து, ஆவி பறக்கும் ரசத்தைக் கோப்பையில் ஊற்றி நீட்டினார்.

"இப்ப வேண்டாம்ப்பா."

"எனக்கு வயிறு ஒரு மாதிரி இருக்கு."

"படகுல குடிச்சா பொரட்டும்."

ஒருவர்கூட வாங்கவில்லை. கடைசியில் கோப்பையை ஊலாவிடம் நீட்டினார். கிழவர் ஒரே மடக்கில் குடித்தார். முகம் சிவந்து கண்ணில் நீர் வந்தது. இன்னும் என்று கோப்பையை நீட்டினார். மகேஷ் மட்டும் சிரித்தான். பிறகு அவனும் நிறுத்திக்கொண்டான்.

அன்று சாயங்காலம் மொத்தக் கூட்டத்துக்கும் வயிறு சரியில்லை. ஓட்டல் ரொட்டியும் வாழைப்பழமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். சாம்பார் மூடி திறக்கப்படாமல் இருந்தது. வங்கி அதிகாரி சமையலறை வாசல் வரை வந்தார். உள்ளே வரவில்லை.

"தப்பா எடுத்துக்காதே. மீன் தொட்ட கை பாரு. எங்களுக்குப் பழக்கம் அப்படி."

காலையில்கூட அவர் வாங்கோ போங்கோ என்றுதான் பேசிக்கொண்டிருந்தார்.

"குளிச்சுட்டேன் சார். எலுமிச்சம்பழம் தேச்சுக் கழுவியிருக்கேன்."

"அது சரி. கழுவினா போயிடும், நான் இல்லேங்கலை." போகத் திரும்பியவர் நின்றார். "ஆமா, மணிங்கறது யார் வெச்ச பேரு?"

 பதிலுக்குக் காத்திருக்காமல் போய்விட்டார்.

மிச்ச நாள்களுக்கு மகேஷ் தானே மின்குக்கரில் சாதம் வைத்தான். தொட்டுக்கொள்ள என்ன செய்வது என்று தெரியாமல், சாமான் பெட்டியிலிருந்து புளிக்காய்ச்சல் டின்னை எடுத்து மேஜையில் வைத்தான். சாவித்ரி மாமி டின்னையே பார்த்தார்.

"இது யார் பண்ணினது?"

"இது கடைல வாங்கினது மாமி. மாம்பலத்துல." மகேஷ் யோசிக்காமல் சொன்னான்.

மாமி ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். "அப்படிச் சொல்லு. இதையாவது நல்ல இடத்துல வாங்கினயே."

பாத்திரம் கழுவும் தொட்டிக்கு முன்னால் நின்றிருந்த மதியழகனுக்கு எல்லாம் கேட்டது. ஈரக் கையோடு அவர் கதவு வரை வந்தார். பரிமாறிக்கொள்வதையும் பிசைவதையும் பார்த்தார். வங்கி அதிகாரி விரல்களை நக்கிக்கொண்டிருந்தார். சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்று நினைத்தார். டின்னையும் மூடிவைத்துவிடுவார்கள், அவ்வளவுதான். திரும்பிப் போய்க் குழாயைத் திறந்தார். அன்றும் மறுநாளும் அதற்கு மறுநாளும், அவர்கள் அவர் கையால்தான் சாப்பிட்டார்கள். டின் காலியாகும்வரை அவர் வாயைத் திறக்கவில்லை.

திரும்பும் வழியில் விமான நிலையத்தில் சாவித்ரி மாமி அவரிடம் வந்தார். "என் கண்ணைக் காப்பாத்தினே. நன்னா இரு." ஒரு சாக்லேட் கட்டியை அவர் பக்கத்து நாற்காலியில் வைத்து, விரல் நுனியால் அவர் பக்கம் தள்ளினார். மதியழகன் அதை வீட்டுக்குக் கொண்டுவந்தார். வெண்ணிலா கதை முழுவதையும் கேட்டுவிட்டு அதை எடுத்துப்போய் எதிர்வீட்டுக் குழந்தைகளுக்குக் கொடுத்துவிட்டார்.

அப்பா மட்டும் சந்தோஷப்பட்டார். "கானாங்கத்தயா? அம்மாந்தூரம் ஏரோப்ளான்ல போயி கானாங்கத்தயா புட்ச்ச? வரி இருந்துச்சா?"

"இருந்துச்சுபா. நம்முளுது மாதிரி இல்ல. பாம்பு நெளியற மாதிரி."

"தண்ணி இன்னா ஆழம்?"

"கேக்கல."

"மலை அப்டியே எறங்குதுன்ற. அப்ப ஆழம் தாங்காதே. அடுத்த தபா போனா அந்த போட்டுக்காரன கேட்டுனு வா." பிறகு வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னார்: என் புள்ள அடுத்த வருசம் கேட்டுனு வருவான்.

அதைத்தான் கேட்டு வர வேண்டியிருந்தது.

உருளியில் எண்ணெய் பிரிந்து மேலே வந்துவிட்டது. வெல்லத்தில் ஒரு துண்டு, வறுத்துப் பொடித்த வெந்தயம், இறக்கியாயிற்று. மறுநாள் மதியம் வரை ஆறவிட்டு, டின்களை வெயிலில் காயவைத்து, புளிக்காய்ச்சலை அடைத்து, மேலே ஒரு விரல்கடை எண்ணெய் நிற்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து மூடினார். நிலக்கடலை நமத்துப்போகும் என்று வறுத்துத் தனிப் பையில் கட்டினார். ஜாக்கெட்டை மடித்தார். ஷேர் ஆட்டோவில் ஏறிச் சுந்தரவல்லியின் அலுவலகத்துக்கு வந்தார்.

மேஜை முன்னால் ஓர் இளைஞன் உட்கார்ந்திருந்தான். கிட்டு. கல்யாணங்களில் இலைக்குப் பரிமாறுகிறவன். மதியழகனுக்கு நன்றாகத் தெரிந்தவன்தான். இருவரும் எத்தனையோ பந்தியில் ஒன்றாக நின்றிருக்கிறார்கள். அவனுக்கு முன்னால் ஒரு பாஸ்போர்ட் திறந்து கிடந்தது. அதில் விசா ஒட்டியிருந்தது.

"வாங்க மணி," என்றார் சுந்தரவல்லி. "உட்காருங்க."

மதியழகன் உட்காரவில்லை. சுந்தரவல்லி இழுப்பறையைத் திறந்து இன்னொரு பாஸ்போர்ட்டை எடுத்து மேஜை விளிம்பில் வைத்தார்.

"உங்களுதை அனுப்பவே இல்லை. சொல்லணும்னுதான் நினைச்சேன். என்ன பண்றது, போன வருஷம் வந்தவங்க இந்த வருஷம் வர்றவங்களுக்கெல்லாம் போன் பண்ணி இருக்காங்க. சமையலுக்கு யாரு, யாருன்னு ஒவ்வொருத்தரா கேக்குறாங்க. எனக்கு இதெல்லாம் கிடையாது, உங்களுக்கே தெரியும். ஆனா கூட்டம் கலைஞ்சா நான் ஆபீஸை மூட வேண்டியதுதான்."

"தெரியுது மேடம்."

"உங்க புளிக்காய்ச்சல் இல்லாம ஒரு க்ரூப்பும் கிளம்பாது. அந்த சாவித்ரி மாமி ஊருக்கெல்லாம் சொல்லி வெச்சிருக்காங்க, மாம்பலத்துல எந்தக் கடைன்னு கேட்டு எத்தனை போன்! அதான் ஸ்டிக்கரே அடிச்சுட்டேன். சமையல்காரரைத்தான் யாருன்னு கேப்பாங்க, ஸ்டிக்கரை யாரும் கேக்க மாட்டாங்க. நீங்களே ஒட்டிடுங்களேன், உங்க கையால."

ஸ்டிக்கரில் ஒரு குத்துவிளக்கும், கேள்விப்படாத ஒரு விலாஸின் பேரும், மாம்பலம் என்ற ஊரும் இருந்தன. மதியழகன் டின்களை மேஜையில் வரிசையாக வைத்தார். துண்டை எடுத்து ஒவ்வொன்றையும் எண்ணெய்ப் பிசுக்குப் போகத் துடைத்தார். பிசுக்கு இருந்தால் ஒட்டாது. கோணாமல், குமிழ் விழாமல், நடுவிலிருந்து ஓரத்துக்கு விரலால் நீவி ஒட்டினார். 

கிட்டு நீல ஜாக்கெட்டை எடுத்துப் போட்டுப் பார்த்தான். தோள் கொஞ்சம் பெரிதாக இருந்தது.

"அண்ணா, எனக்கு ஒண்ணும் தெரியாதுண்ணா. உங்களுக்குப் பதிலாத்தான்னு நேத்துதான் சொன்னாங்க."

"பரவால்ல. டின்ன குளிர்ல வெச்சா எண்ணெ உறைஞ்சுடும். வெந்நீர்ல வெச்சு எளக்கிட்டுத் தெற. ஈரக் கரண்டி போடாத. கடலைய கடைசில போடு."

"சரிண்ணா." கிட்டு குரலைத் தாழ்த்தினான். "அங்க படகுல எல்லாம் கூட்டிட்டுப் போவாங்களாமே. எனக்குத் தண்ணின்னாலே பயம்ண்ணா. ரொம்ப ஆழமா இருக்குமா?"

மதியழகன் ஜாக்கெட்டின் முழங்கையைப் பார்த்தார். அங்கே ஒரு சிறிய கிழிசல், கொக்கி பட்டது. வெண்ணிலா நீல நூலால் தைத்திருந்தார்.

"தெரியாதுடா," என்றார். "கேக்கல."

பாஸ்போர்ட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். முதல் டின்னை எடுத்து, அடியை இன்னொரு முறை துடைத்து, நீட்டினார். கிட்டு ஒரு கையை நீட்டியவன், கனம் தெரிந்து, இன்னொரு கையையும் கொடுத்து வாங்கிக்கொண்டான்.